நடுச்சீட்டு திறந்த பிறகு

மார்ச் 2, சாம்பல் புதன்

காலை ஆறு மணிப் பூசைக்குப் போய் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரை அழைத்துப் போக முடியவில்லை. வாசலில் இருக்கிற மூன்று படியை இறங்க இன்னும் பயப்படுகிறார். பங்குச் சாமியார் கொஞ்சம் சாம்பலைத் தாளில் மடித்துக் கொடுத்தார். வீட்டில் நானே அவர் நெற்றியில் சிலுவை போட்டேன். "எப்பட்டி நீ சாமியாரா ஆன?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஒறுத்தலுக்கு இந்த வருடம் எதை விடுவது என்று யோசித்தேன். சீனியைப் போன தவக்காலத்திலேயே விட்டாயிற்று, திரும்பத் தொடவில்லை. எனவே இந்த நாற்பது நாளும் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுவதில்லை என்று ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடத்தில் நான் பேசிய எதிர்ப்பேச்சுக்கு இதுவே குறைந்த பரிகாரம். அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அவரிடம் மிச்சமிருப்பது பேச்சு ஒன்றுதான். அதையும் நான் வெட்டக் கூடாது.

பால் 48. கத்தரிக்காய் 20. ஃபிசியோ தம்பிக்கு 300. ஆட்டம் 55.

மார்ச் 4, வெள்ளி

ஆட்டம் என்று எழுதுகிறேனே, அதைப் பற்றி ஒரு நாளாவது முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

டிசம்பரில் மகன் லெஸ்லி பஹ்ரைனிலிருந்து வந்திருந்தபோது அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று கம்ப்யூட்டரில் போக்கர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அவர் கப்பல் ஏஜென்சியில் டாலி கிளார்க்காக இருந்தவர். ஹார்பரில் எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை ஏறியது என்று எண்ணுகிற வேலை. சனிக்கிழமை கிளப்பில் சீட்டு. "கஸ்பார் முன்னால எவனும் பொய் ஆட முடியாது" என்று பேர். இப்போது இடது கையால் மவுஸ் பிடிக்க வராது. ஒவ்வொரு முடிவுக்கும் பதினைந்து விநாடிதான் கொடுக்கிறார்கள். அதனால் அவர் பின்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் முன்னால் உட்கார்ந்து அமுக்குவேன்.

மதியம் மூன்று மணிப் போட்டிக்கு ஐம்பத்தைந்து ரூபாய். இருநூறு பேர் வரை சேர்வார்கள். கையிருப்பு தீர்ந்தவர் வெளியே. கடைசிவரை இருப்பவருக்குப் பரிசு. அவர் சிகரெட்டை விட்டதில் மாதம் ஆயிரத்து எழுநூறு மிச்சம். அதற்கு மேல் ஒரு பைசா போகாது. அது பாவமா என்று முதலில் பயந்தேன். சிகரெட்டைக் காட்டிலும் பெரிய பாவம் இல்லை என்று இப்போது இருக்கிறேன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு வரும். அதைப் பார்த்து உள்ளே போவதா, எறிவதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு நடுவில் மூன்று சீட்டு திறப்பார்கள், அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பணம் வைப்பார்கள். முதல் முடிவுக்கு லெஸ்லி ஓர் அட்டவணை அனுப்பினான். எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், கையிருப்பு எவ்வளவு, இரண்டு சீட்டு என்ன, இவ்வளவு பார்த்தால் போதும். சீட்டை 'எறி', 'கூடப் போ', இருப்பதை எல்லாம் நடுவில் 'தள்ளு', மூன்றில் ஒன்று வந்துவிடும். நான் அதைப் பெரிய எழுத்தில் காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறேன்.

இவருக்கு அட்டை பிடிக்காது. "இத பாத்து ஆடுறதுக்கு நான் எதுக்கு? ஆள படிக்கணும்ட்டி. எவன் பயப்படுதான், எவன் நடிக்கான், அதாக்கும் ஆட்டம்."

லெஸ்லி போனில் சொன்னான்: "எப்பா, அம்பது ரூபா ஆட்டத்துல எவனும் பயப்பட மாட்டான். நீங்க நடிச்சாலும் ஒருத்தனும் பாக்க மாட்டான். அட்டையே போதும்."

"நீ உன் வேலயப் பாருலே."

மார்ச் 7, திங்கள்

மாத்திரை இரண்டு தடவை போட்டுவிட்டார். என் தவறு. டப்பாவை மேசையிலேயே வைத்திருக்கக் கூடாது.

மார்ச் 11, வெள்ளி

விளைமீன் கிலோ 480 சொன்னான், வாங்கவில்லை. சாளை வாங்கிக் குழம்பு வைத்தேன்.

ஒன்பது நாளாக ஆட்டத்துக்கு ஒரு கணக்கு வைக்கிறேன். வரவு செலவு இல்லை, அது தனி. ஒரு நோட்டில் இரண்டு பத்தி: 'முன்', 'பின்'. நடுச்சீட்டு திறப்பதற்கு முன் அவர் சொல்வது அட்டையோடு பொருந்தாவிட்டால் 'முன்' பத்தியில் ஒரு கோடு. திறந்த பிறகு அவர் சொல்வது மேசையில் நடந்ததோடு பொருந்தாவிட்டால் 'பின்' பத்தியில் ஒரு கோடு. எங்கே பணம் ஓடுகிறது என்று தெரிந்தால் அடைக்கலாமே என்றுதான் ஆரம்பித்தேன்.

முன்: 2. பின்: 17.

அட்டையைத் திட்டிக்கொண்டே அட்டைப்படிதான் ஆடுகிறார். பின்னால் ஆடுவது யாருக்கும் கடினம்தான்.

மார்ச் 12, சனி

நேற்று எழுதியதை வைத்து இன்று ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்தேன்.

நம்மிடம் ராஜாவும் ராணியும். 'டெல்லிப் புலி' என்ற பெயரில் ஆடுகிறவன் நடுச்சீட்டுக்கு முன்பே தொகையைக் கூட்டினான். நாங்கள் கூடவே போனோம். மூன்று சீட்டில் ஒரு ராஜா வந்தது. புலி மறுபடி வைத்தான். நான்காவது சீட்டு, மறுபடி வைத்தான். ஐந்தாவது திறந்து அவன் வைத்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா, இவ்வளவு நேரம் சும்மா கெடந்தவன் இப்ப திடீர்னு வைக்கான். பயமுறுத்திப் பாக்கான். எல்லாத்தையும் தள்ளு."

அவன் சும்மா கிடக்கவில்லை. முதலிலிருந்தே வைத்துக்கொண்டு வந்தான். வாய் வரை வந்தது. ஒறுத்தலை நினைத்து விழுங்கிக்கொண்டு தள்ளினேன். புலி இரண்டு ஏஸ் காட்டினான். நாங்கள் வெளியே.

சீட்டு திரையில் தெரிகிறது. கையிருப்பு தெரிகிறது. அட்டை எதிரில் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு முன் யார் என்ன செய்தான் என்பது மட்டும்தான் திரையில் இல்லை. அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூக்கம் சரியில்லாமல் இருக்கும். மத்தியானம் சோறு கனமாகப் போடக் கூடாது.

மார்ச் 14, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன். ஐந்தாவது சீட்டில் அவர் "தள்ளு" என்றார். நான் எறிந்தேன்.

"என்னாச்சு?"

"நெட்டு இழுத்துட்டுங்க. நேரம் முடிஞ்சிட்டு."

"சனியன் பிடிச்ச நெட்டு."

எதிராளி கையில் என்ன இருந்தது என்று காட்டவில்லை. எறிந்தால் காட்ட மாட்டார்கள். ஆகவே நான் செய்தது சரியா, தப்பா என்று தெரியாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அது மட்டும் உண்மை.

மார்ச் 19, சனி. சூசையப்பர் திருநாள்

பாயசம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு தூக்கு. அவர் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார். சொன்னேன். அரை மணி கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். திருநாளை இரண்டு தடவை சொல்வதில் என்ன குறை.

மார்ச் 25, வெள்ளி

மாற்றி அமுக்கியது இதுவரை பதினொன்று. நெட்டைக் காரணம் சொல்வதை விட்டுவிட்டேன். சொல்லத் தேவையில்லை, அவர் கேட்பதில்லை.

மார்ச் 30, புதன்

முதல் பரிசு!

இருநூற்றுப் பதினான்கு பேரில் முதல். இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். கடைசியில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். அட்டையைப் பார்த்து அவர் "தள்ளுட்டி" என்றார், தள்ளினேன், எங்களுடைய இரண்டு ஏழும் ஜெயித்தன.

அவர் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். அக்டோபருக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கவில்லை. உடனே லெஸ்லிக்குப் போன்.

"அட்ட அட்டன்னியேலே, அட்டைய வச்சா ஜெயிச்சேன்? ஒவ்வொருத்தனையும் படிச்சேன்லே. ஜாக்கி ஜோடியத் தூக்கி எறிஞ்சேன். எவன் எறிவான்?"

ஜாக்கி ஜோடியை அவர் எறியச் சொல்லவில்லை. தள்ளச் சொன்னார். இன்று மட்டும் ஏழு இடத்தில் மாற்றினேன். எந்தச் சீட்டு எங்கே விழுந்தது, எவன் எப்போது கூட்டினான், எல்லாம் இதை எழுதும்போதும் எனக்குக் கண் முன்னால் நிற்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இவ்வளவு பிடிக்குமென்று யார் கண்டது.

லெஸ்லி என்னிடம், "எம்மா, அப்பா நல்லா தேறிட்டாங்கல்லா?" என்றான்.

"ஆமாப்பா" என்றேன்.

ஏப்ரல் 1, வெள்ளி

பாளையங்கோட்டை நரம்பு டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. 21ஆம் தேதி வியாழக்கிழமை, ஞாபகசக்திப் பரிசோதனை. ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்தது.

"இருநூறு பேர்ல முதல் வந்தவனுக்கு ஞாபகசக்தி டெஸ்டா? அந்த டாக்டரக் கூட்டிட்டு வா, அவனோட ஒரு கை ஆடுதேன். வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிரு."

எதிர்ப்பேச்சு இல்லை. "சரி" என்றேன். போன் செய்யவில்லை.

ஏப்ரல் 2, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புருஷனை ஏமாற்றுகிறேன், சீட்டாட்டத்தில், என்று ஆரம்பித்தேன்.

"சீட்டாட்டமா? எவ்வளவும்மா போகுது?"

"அம்பத்தஞ்சு ரூபா ஃபாதர். அது இல்ல. அவங்க ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு அமுக்குதேன். அவங்களுக்குத் தெரியாது."

"தப்பா ஆடுனா வாய்விட்டுச் சொல்லிர வேண்டியதுதான?"

"தவக்காலத்துல எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு ஒறுத்தல் எடுத்திருக்கேன் ஃபாதர்."



"இத எடுக்கச் சொல்லி ஆண்டவர் உங்ககிட்ட கேட்டாராம்மா?"

பொய் சொன்னதற்கு ஒரு செபமாலை கட்டளையிட்டார். "மத்தத நீங்களே யோசிங்க" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

ஏப்ரல் 6, புதன்

ஜெயித்த ஆட்டத்தை லெஸ்லிக்கு விவரமாக எழுத வேண்டுமாம். நடந்தது எல்லாம் அந்தத் தளத்தில் பதிவாகியிருக்கும், எடுத்துக் கொடு என்றார். ஒவ்வொரு கை ஆட்டமாக எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டாலிச் சீட்டைச் சரிபார்ப்பது போல வரிவரியாக விரலை ஓட்டினார்.

ஜாக்கி ஜோடியில் நின்றார்.

"இங்க பாருட்டி. இத எறிஞ்சிருக்கேன். என்ன நெனச்சு எறிஞ்சிருப்பேன்?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம். அவன் முன்னாலயே ஒரு தடவ கூட்டிருக்கான். மூணு சீட்டுலயும் கூட்டிருக்கான். திரும்பவும் கூட்டிருக்கான். அதான். நல்லாத்தான் யோசிச்சிருக்கேன்."

எழுத்தாக எதிரில் இருந்தால் அவருக்கு எல்லாம் புரிகிறது. என்னைவிட வேகமாகப் புரிகிறது. நான் செய்ததற்கான காரணத்தை நானே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சொல் "தள்ளு". அது அவர் நினைவில் இல்லை. ஏழு இடத்திலும் இல்லை. ஏழையும் தன்னுடையதென்று மெச்சிக்கொண்டார்.

அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பாத்திரம் எதுவும் கிடக்கவில்லை.

ஏப்ரல் 10, குருத்து ஞாயிறு

இரண்டு குருத்தோலை வாங்கிவந்தேன். அவர் இடது கையாலேயே ஒன்றைச் சிலுவையாக மடித்தார். பத்து நிமிடம் ஆனது. நான் உதவவில்லை.

ஏப்ரல் 12, செவ்வாய்

"ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்னு சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"இப்ப என் முன்னால பேசு."

போனை எடுத்து எண்ணை அமுக்குவது போல அமுக்கினேன். காதில் வைத்துக்கொண்டு, "ஆமா மேடம், கஸ்பார். இருபத்தொண்ணாந்தேதி. வேண்டாம் மேடம். நன்றி" என்றேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். இருபத்தோராம் தேதி என்ன செய்வதாக இருந்தேன்? ஃபிசியோவுக்குப் போகிறோம் என்று காரில் ஏற்றி, பாளையங்கோட்டையில் இறக்கி, வேறு யாரோ பெயர் சொல்லி உள்ளே கூட்டிப் போயிருப்பேன். அதுவும் நடந்திருக்கும். அவர் கேட்டிருக்க மாட்டார். இன்னும் ஒரு வருடத்தில் அவர் எதைச் சொன்னாலும் நான் வேறொன்றை அமுக்கிக்கொண்டிருப்பேன். இருவரும் சண்டையே போட மாட்டோம்.

முப்பத்து நான்கு வருடம் இந்த மனுஷனிடம் நான் எதிர்ப்பேச்சு பேசினேன் என்றால், அவர் பதில் சொல்வார் என்பதால்தானே பேசினேன்.

ஏப்ரல் 13, புதன்

சொல்லிவிட்டேன்.

காலைக் காப்பிக்குப் பிறகு. ஒறுத்தல் முடிய நான்கு நாள் இருக்கிறது. முடியட்டும் என்று காத்திருந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"ஜாக்கி ஜோடிய நீங்க எறியல. தள்ளச் சொன்னீய. நாந்தான் எறிஞ்சேன்."

"என்னட்டி சொல்லுத?"

"அன்னைக்கு ஏழு இடத்துல மாத்தினேன். மொத்தம் இருபத்தாறு. நேத்து போன்லயும் யார்கிட்டயும் பேசல. டாக்டர் நாள் அப்படியே இருக்கு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிச்சத்தையும் சொன்னேன். ஒரு நிமிடத்துக்கு முன் எவன் என்ன செய்தான் என்பது உங்களிடம் நிற்பதில்லை என்று சொன்னேன்.

"எழுதி வச்சிருப்பியே."

"இருக்கு."

"எடு."

நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தார். கோடுகளை ஐந்தைந்தாக எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது.

"முன்னால தப்பு இல்ல."

"ரொம்ப இல்ல."

"பின்னாலதான்."

"ஆமா."

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "டாலி சரியாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் சொன்னார்: "என்ன பொம்மையா பின்னால உக்கார வச்சு ஆடியிருக்க. லெஸ்லிகிட்ட நான் பீத்தும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுல்லா இருந்த."



ஏப்ரல் 14, பெரிய வியாழன்

பேசவில்லை. சாப்பிட்டார்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

பேசவில்லை. சிலுவைப் பாதைக்குத் தனியாகப் போனேன். முழங்கால் போட்டு எழும்போதெல்லாம், அவர் வீட்டில் என்ன செய்கிறாரோ என்றே ஓடியது. திரும்பி வந்தபோது கதவுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சி கொடுத்தேன். உப்பு போதவில்லை என்று சைகை காட்டினார்.

ஏப்ரல் 17, உயிர்ப்பு ஞாயிறு

மூன்று படியும் இறங்கினார்! பூசைக்கு வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆட்டிறைச்சி அரைக் கிலோ 400. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"டாக்டர் என்னைக்கு? வியாழக்கிழமதான?"

"ஆமா."

"காலையில எழுப்பும்போதே சொல்லு. எனக்கு மறந்துரும்."

மறந்துரும் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது இதுவே முதல் தடவை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

ஏப்ரல் 19, செவ்வாய்

மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார். "வா, ஒரு ஆட்டத்துல சேரு."

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் இல்லை. "முன்னால உள்ளது நான் சொல்லுதேன். நடுச்சீட்டு தொறந்தா நீ சொல்லு. ஆனா சத்தமா சொல்லு. காதுல விழணும்."

அப்படியே ஆடினோம். அவர் அட்டையைப் பார்த்து "எறி, எறி, எறி, தள்ளு" என்று டாலி சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனார். ஒன்றும் பிசகவில்லை. நடுச்சீட்டு திறந்தால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் காரணம் சொல்லிவிட்டு அமுக்குவேன்.

அறுபத்தொரு பேர் மிஞ்சியிருந்தபோது எங்களுக்கு ஏஸும் பத்தும். மூன்று சீட்டில் ஒரு பத்து. எதிராளி வைத்தான், கூடவே போனோம். நான்காவதிலும் அப்படியே. ஐந்தாவதில் அவன் எல்லாவற்றையும் தள்ளினான். மூன்று கிளாவர் நடுவில் கிடந்தது; அவனிடம் இன்னும் இரண்டு கிளாவர் இருந்தால் எங்கள் ஜோடி தோற்கும்.

"நீ சொல்லு" என்றார்.

"நடிக்கான். கிளாவர் இருந்தா இவ்வளவு போட மாட்டான். போவோம்."

அவன் இரண்டு கிளாவர் காட்டினான். நாங்கள் வெளியே.

மாற்றி அமுக்கின இருபத்தாறிலும் இப்படி எத்தனை இருந்ததோ, யாருக்குத் தெரியும். அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"ஆள படிச்சியாக்கும்?"

"படிச்சேன். தப்பா படிச்சிட்டேன்."

"சும்மா கெட. எல்லாருக்கும் வாரதுதான்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளன்னைக்கு டாக்டர் என்னென்ன மறக்குதுன்னு கேப்பாரு. என்ன சொல்லணும்?"

"உள்ளதச் சொல்லுங்க."

"மறந்தது எனக்கு எப்படிட்டி தெரியும்? உனக்குத்தான தெரியும்."

தம்ளரை மேசையில் வைத்தார்.

"இப்பவே சொல்லு. டாக்டர் முன்னால முதல் தடவையா கேக்க வேண்டாம்."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். மாத்திரையை இரண்டு தடவை போட்டதிலிருந்து ஆரம்பித்து, எதையும் மாற்றாமல் சொன்னேன்.